பழைய ராக் பாட்டை ஒற்றைக் காதால் கேட்பது எப்படி

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததே ஒரு பழுதான இயர்போனால்தான். வலது பக்க ஒயர் உள்ளே எங்கோ அறுந்துவிட்டது. புதிது வாங்கச் சோம்பல்பட்டு, இடது காதோடு பீட்டில்ஸின் முதல் ஆல்பமான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யைப் போட்டேன். கிடார் கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது, பாடுகிறவர்களைக் காணோம். உற்றுக் கேட்டால் அடுத்த அறையில் யாரோ பாடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு குரல். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்படி ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1963-இல் அந்த ஆல்பத்தைப் பதிந்த டேப்பில் இரண்டே டிராக். ஒன்றில் வாத்தியங்கள், இன்னொன்றில் குரல். பிறகு இரண்டையும் அளவு பார்த்துக் கலந்து மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, ஆக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. காதுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கும் ஸ்டீரியோ பிரதிக்கும் அதே இரண்டையும் ஆளுக்கொரு பக்கமாக வைத்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே அறையில் நின்று பாடி வாசித்ததால் குரல் கொஞ்சம் கிடார் மைக்கிலும் கசிந்திருக்கிறது. பதினான்கு பாட்டில் பத்தை அந்த வருடம் பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் முடித்தார்கள். அந்தக் கசிவில் எனக்குக் கேட்டது அந்த நாளும் அந்த அறையும்தான்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். அதற்காக இயர்போனை உடைக்க வேண்டாம். ஃபோன் செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி பகுதிக்குள் ஆடியோ பேலன்ஸ் என்று ஒரு கோடு இருக்கும். அதை முழுக்க இடதுபுறம் தள்ளி ஒரு தடவை, வலதுபுறம் தள்ளி ஒரு தடவை கேளுங்கள். அதே இடத்தில் ‘மோனோ ஆடியோ’ இருந்தால் அணைத்துவிடுங்கள். ஈக்வலைஸர், பாஸ் பூஸ்ட், சுற்றுமுற்றும் ஒலிக்க வைக்கும் ஜாலம் எதுவும் வேண்டாம். ஒயர் உள்ள ஹெட்போன் போதும், விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம்: தலைப்புக்குப் பக்கத்தில் ‘ரீமாஸ்டர்’ என்றிருந்தால் பரவாயில்லை, பழைய கலவையைத் துலக்கியது மட்டும்தான். புது வருடம் போட்டு ‘மிக்ஸ்’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். ஒலிகளை மறுபடி வேறு வேறு இடத்தில் அடுக்கி வைத்த பிரதி அது, நாம் தேடுகிற தடயம் இடம் மாறியிருக்கும்.

ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். எத்தனையாவது நிமிடம், எந்தக் காது, என்ன சத்தம், அவ்வளவுதான் எழுத வேண்டியது. அது என்ன என்று தேடிப் படிப்பது அப்புறம். முதலிலேயே படித்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும்.

முதலில் அமைதியான இடங்களைப் பிடியுங்கள். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் (1970) ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’ என்று மெதுவாக நகரும் பாட்டு ஒன்று உண்டு. அதில் அடிக்கடி ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் என்று முடிவுகட்டி, எழுந்துபோய் அதற்கு எண்ணெய் விட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் கீச். அது குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் காலடியில் இருந்த பேஸ் டிரம் பெடல். எண்ணெய் போட வேண்டியது அங்கே, அதுவும் என் நாற்காலி பிறப்பதற்கு முன்பே.

அடுத்து அறையைக் கேட்கப் பழகுங்கள். இதற்குச் சின்னப் பயிற்சி ஒன்று. குளியலறையில் ஒரு தடவை கை தட்டுங்கள், துணி நிறைந்த அலமாரிக்குள் கையை நுழைத்து ஒரு தடவை, மாடிப்படிக்குக் கீழே நின்று ஒரு தடவை. மூன்றாவது தட்டலின் வால் காதில் இருக்கும்போதே அதே லெட் செப்பலினின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டின் முதல் சில விநாடிகளைக் கேளுங்கள். 1971-இல் வந்த அந்த டிரம்ஸ், இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் படிக்கட்டுக் கூடத்தில் வாசித்தது. டிரம்ஸைக் கீழே வைத்து, இரண்டு மைக்கை மேலே மாடியிலிருந்து தொங்கவிட்டார் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். அடி கீழே விழுகிறது, சத்தம் படியேறி மைக்குக்கு வருகிறது. அந்தக் கட்டடம் 1795-இல் ஏழைகளை அடைத்து வேலை வாங்கக் கட்டியது. பாட்டோ 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929-இல் முதன்முதலில் பதிந்த பழைய பாட்டு. கரை உடைந்த ஊரின் துயரம், கஞ்சித்தொட்டிக் கட்டடத்தின் சுவரில் மோதித் திரும்புகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை.

ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான பாடம். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ (1967) உண்மையில் ஒரே பாட்டின் இரண்டு பதிவு. ஒன்று மெதுவானது, இன்னொன்று டிரம்பெட்டும் செலோவும் சேர்ந்த வேகமானது. ஜான் லெனனுக்கு ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் பிடித்திருந்தது. இரண்டுக்கும் சுருதி வேறு, வேகம் வேறு. ஆனால் வேகமான பதிவு சுருதியிலும் மேலே இருந்தது. டேப்பை மெதுவாக ஓட்டினால் வேகமும் குறையும், சுருதியும் இறங்கும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தபோது தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் வெட்டி ஒட்டிவிட்டார்கள். சரியாக ஒரு நிமிடம் ஆகும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் கனத்து, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும். எனக்கு அது பிடிபட ஏழெட்டுத் தடவை ஆயிற்று.

பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே குரல் வருகிற இடமும் உண்டு. லெட் செப்பலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ (1969) பாட்டில் நான்காவது நிமிடத்தை ஒட்டி, வாத்தியமெல்லாம் அடங்கும் கட்டத்தில், ராபர்ட் பிளாண்ட்டின் வரி ஆவி மாதிரி முதலில் மெல்லக் கேட்கும், பிறகுதான் உரக்க வரும். வேண்டாமென்று விட்ட ஒரு குரல்பதிவு முழுதாக அடங்காமல் கசிந்தது அது. மறைக்க முடியாததால் அதன் மேல் எதிரொலியை ஊற்றி, வேண்டுமென்றே செய்த மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

அதே பாட்டின் நடுவில் ஊளையிடும் சத்தம் தெரமின் என்ற கருவி. தொடாமல், கையைக் காற்றில் அசைத்தே வாசிப்பார்கள். அதைக் கண்டுபிடித்த ரஷ்யர் லெவ் தெரமின் சோவியத் உளவுத்துறைக்கு ஒட்டுக்கேட்கும் கருவியும் செய்து கொடுத்தவர். மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரைக்குள் அதை ஒளித்து, 1945-இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையை வீசினால் மட்டும் உயிர் வரும். கண்டுபிடித்தது 1952-இல்தான். சுவரில் தொங்கி அது ஏழு வருடம் பேச்சுக் கேட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பீட்டில்ஸின் ‘எ டே இன் த லைஃப்’ பாட்டின் இறுதியில் பல பியானோக்களில் சேர்ந்து அடித்த ஒரே ஒரு கார்ட் (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) நாற்பது விநாடிக்கும் மேல் இழையும். அது தேயத்தேய மைக்கின் அளவை ஏற்றிக்கொண்டே போனதால், யாரோ நாற்காலியில் அசைகிற சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது. அதைப் பிடிக்க நீங்களும் வால்யூமை ஏற்றத்தான் செய்வீர்கள். நாற்காலி கேட்டவுடன் இறக்கிவிடுங்கள். அந்தப் பாட்டு வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தில் அதன் பின்னாலேயே சுமார் 15 கிலோஹெர்ட்ஸில், வயதான காதுக்கு எட்டாத உயரத்தில், ஒரு விசிலும், பிறகு புரியாத உளறலும் ஒளிந்திருக்கின்றன. நான் ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நாற்காலிச் சத்தத்துக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை, அமைதிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த தங்கை மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “மாமா, அதை நிறுத்துங்க” என்றாள்.