டயாலிசிஸ் ஓடும்போது விரல் நுனியைப் பாருங்கள்: ஐசியுவுக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மழைக்காலம் வந்தால் வடசென்னை ஐசியுக்களில் ஒரு தினுசான நோயாளிகள் வர ஆரம்பிப்பார்கள். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்து, எலிக்காய்ச்சல் பிடித்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்றுபோய் வருபவர்கள். மீஞ்சூர், பொன்னேரி வயல் வரப்பில் கண்ணாடி விரியன் கடித்து வருபவர்கள். இவர்களில் பலருக்கு ஒரு பக்கம் ரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடும், இன்னொரு பக்கம் டயாலிசிஸ் ஓடும். அந்தக் கட்டில் பக்கத்தில் முதல் தடவை நிற்கப்போகிற ஸ்டாஃப் நர்சுக்கும் டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கும்தான் இந்தக் குறிப்பு.

மானிட்டரில் சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல் இருந்தால் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். அது பெரிய குழாயின் கணக்கு மட்டும்தான். தெரு மெயினில் மெட்ரோ வாட்டர் வந்துகொண்டிருக்கும், சந்துக் கடைசி வீட்டு அடிபம்பில் காற்றுதான் வரும். பள்ளியில் தந்துகிகள் என்று படித்தோமே, ஆக்சிஜன் திசுவில் இறங்குவது அங்கேதான். டயாலிசிஸ் மெஷின் ரத்தத்திலிருந்து நீரை எடுக்கிறது. எடுத்த இடத்தை நிரப்ப, திசுக்களில் தேங்கிய நீர் ரத்தத்துக்குள் திரும்பி வர வேண்டும். எடுக்கிற வேகத்துக்கு அது வந்து சேரவில்லை என்றால், உடம்பு தோலுக்கும் குடலுக்கும் போகிற சிறு குழாய்களை இறுக்கிவிட்டு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். பிரஷர் அப்படியே நிற்கும். விரல் நுனி காட்டிக்கொடுத்துவிடும்.

படி 1: லைன் இணைக்கும் முன்

டயாலிசிஸ் ஓட ஆரம்பித்த பிறகு முதல் தடவை விரலைப் பார்த்துப் பயனில்லை. ஒப்பிட எதுவும் இருக்காது. அதனால் இணைப்பதற்கு முன்பே சார்ட்டில் ஒரு வரி எழுதுங்கள்: சராசரி அழுத்தம், நார்அட்ரினலின் அளவு, லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்), விரல் நுனி நேரம் (அழுத்தி வெளுக்க வைத்த விரல் நுனி பழைய நிறத்துக்குத் திரும்ப எடுக்கும் நொடிகள்), முழங்கால் எப்படி இருக்கிறது, டயாலிசேட் (டயாலிசிஸ் மெஷினில் ஓடும் கழுவு திரவம்) வெப்பநிலை. ஏசி எத்தனையில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த அறையில் யாருக்குமே விரல் நுனி மெதுவாகத்தான் சிவக்கும்.

பிரான்ஸில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. தொடங்கும் முன்பே விரல் நுனி நேரம் 3 நொடியைத் தொட்டவர்கள், லாக்டேட் கூடியவர்கள், அழுத்தத்துக்கு மருந்து ஓடுகிறவர்கள் ஆகியோருக்குத்தான் டயாலிசிஸ் நடுவில் நிலைமை சரியும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. இந்த மூன்றும் சேர்ந்த நோயாளி என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 2: விரல் நுனியை அழுத்திப் பார்ப்பது

எல்லோரும் செய்கிறோம், பலரும் அவசரத்தில் செய்கிறோம். நகத்தைச் சட்டென்று கிள்ளிவிட்டு ‘நார்மல்’ என்று எழுதுவதால் ஒன்றும் தெரியாது.

முதலில் கையைத் தேர்ந்தெடுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருக்கும் கை வேண்டாம், அங்கே ரத்தம் வேறு வழியில் திரும்பிவிடுகிறது. ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் போட்ட குழாய்) இருக்கும் கையும் வேண்டாம். பல்ஸ் ஆக்சிமீட்டர் கவ்விய விரலும் வேண்டாம். மிச்சமுள்ள கையின் ஆள்காட்டி விரலை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை அதே விரல்தான்.

கையை இதய மட்டத்தில் வையுங்கள். லேபில் கிடைக்கும் கண்ணாடி ஸ்லைடை விரல் நுனியின் உள்பக்கத்தில் வைத்து, கண்ணாடி வழியே தோல் வெளுப்பது தெரியும் வரை அழுத்துங்கள். வெளுத்த பிறகு அதே அழுத்தத்தில் முழுசாக 10 நொடி. மனசுக்குள் எண்ண வேண்டாம், போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். விட்டதும் நேரத்தை ஓட விட்டு, பழைய நிறம் முழுக்கத் திரும்பும்போது நிறுத்துங்கள். 3 நொடிக்கு மேல் போனால் அது செய்தி. இரண்டு தடவை பார்த்துச் சராசரி போடுங்கள்.

இந்த முறைக்கு நல்ல பின்புலம் உண்டு. தென் அமெரிக்காவின் 5 நாடுகளில் 424 செப்டிக் ஷாக் (கடும் தொற்றால் ரத்த ஓட்டம் சரிந்த) நோயாளிகளிடம் நடந்த ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வு 2019-ல் வெளியானது. லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை செய்த குழுவில் 28 நாள் இறப்பு 43.4 சதவீதம், விரல் நுனியைப் பார்த்துச் செய்த குழுவில் 34.9 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் மயிரிழையில் தவறியது, அதனால் ‘நிரூபணமாகிவிட்டது’ என்று யாரும் சொல்ல முடியாது. அது டயாலிசிஸ் ஆய்வும் இல்லை. இருந்தாலும் ஒரு கண்ணாடித் துண்டும் கடிகாரமும் ரத்தப் பரிசோதனைக்கு ஈடுகொடுத்து நின்றதே, அது எனக்குப் போதும்.

நம் ஊர்ச் சிக்கல்கள் சிலவும் உண்டு. காசிமேட்டில் வலை இழுக்கிறவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும், வெளுப்பது தெரியாது. மருதாணி வைத்த விரலிலும் அதே கதைதான். அந்த மாதிரி நேரத்தில் மருதாணி படாத இன்னொரு விரல், அல்லது நகத்தடி. எங்கே பார்த்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

படி 3: போர்வையை விலக்கி முழங்கால்

முழங்காலைச் சுற்றி ஊதா நிறத்தில் வலை பின்னின மாதிரித் திட்டுகள் வருகிறதா என்று பாருங்கள். 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. முழங்கால் நடுவில் காசு அளவு என்றால் 1, முட்டிச் சில்லின் மேல் விளிம்பைத் தாண்டாவிட்டால் 2, நடுத்தொடை வரை 3, தொடை இடுக்கு வரை 4, அதையும் தாண்டினால் 5. இந்த அளவுகோல் பிரான்ஸில் உருவானது. நம் நோயாளிகளின் கருத்த தோலில் 1, 2 எல்லாம் கண்ணுக்குத் தப்பிவிடும். டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள், புறங்கையை வைத்துத் தொடையிலிருந்து முட்டி வரை தடவிப் பாருங்கள். சூடு எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியும். எனக்குக் கண்ணைவிடக் கைமேல் நம்பிக்கை அதிகம்.

விசிட்டிங் நேரத்தில் வந்த மனைவி, “கை ஜில்லுனு இருக்கு சிஸ்டர்” என்றால் தட்டிக்கழிக்காதீர்கள். அந்தக் கையைத் தினமும் தொட்டவர் அவர்.

படி 4: ஓடும்போது எப்போது பார்ப்பது

முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை. இது நான் பின்பற்றும் கணக்கு, உங்கள் யூனிட்டில் வேறு இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நீர் எடுக்கும் வேகத்தை மாற்றினால் உடனே ஒரு தடவை.

எண்களைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ, ஸ்லெட் (மெதுவாக, நீண்ட நேரம் ஓட்டும் டயாலிசிஸ்) ஓடுகிறது, மணிக்கு 200 மில்லி நீர் எடுக்கிறோம். ஆரம்பத்தில் அழுத்தம் 68, நார்அட்ரினலின் 0.15 (ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம்), விரல் நுனி 2.5 நொடி. ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் 67, விரல் நுனி 4.5 நொடி, முழங்காலில் காசு அளவு திட்டு. அழுத்தம் மாறவில்லை என்று தோன்றும். ஆனால் இடையில் யாரோ நார்அட்ரினலினை 0.22 ஆக்கியிருக்கிறார்கள். அந்த 67 மருந்து தாங்கிப் பிடித்த 67.

படி 5: மோசமானால்

டாக்டரை அழையுங்கள், அழைக்கும்போது முழுசாகச் சொல்லுங்கள். “சார், ஏழாம் பெட். பிரஷர் 67-லதான் இருக்கு, ஆனா நார்அட் 0.22-க்குப் போயிருக்கு. விரல் ரெண்டரை நொடியில இருந்து நாலரை ஆயிடுச்சு. யூஎஃப் குறைக்கலாமா?” (யூஎஃப் என்றால் மெஷின் நீர் எடுப்பது) என்று கேட்டால் அவருக்கு முடிவெடுக்க எல்லாம் கையில் இருக்கும். நீர் எடுப்பதைக் குறைப்பதா, நிறுத்துவதா, லாக்டேட் அனுப்புவதா என்பது அவர் முடிவு. அவர் வருவதற்குள் லைனில் ரத்தக் கசிவு இருக்கிறதா, நார்அட்ரினலின் சிரிஞ்ச் காலியாகப் போகிறதா என்று பார்த்து வையுங்கள்.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். பிரஷர் சரியாமல் இருக்க டயாலிசேட்டை 35, 36 டிகிரியில் ஓட்டுவது வழக்கம். அந்தக் குளிருக்கே தோல் குழாய்கள் இறுகும், விரல் நேரம் கொஞ்சம் நீளும். அப்போது முழங்காலும் லாக்டேட்டும் என்ன சொல்கின்றன என்று சேர்த்துப் பாருங்கள். அடுத்தது, லாக்டேட் 2-க்கு மேல் இருந்தாலே ரத்த ஓட்டம் குறைவு என்று அர்த்தமில்லை. எலிக்காய்ச்சலில் ஈரல் அடிவாங்கியிருந்தால் அது மெதுவாகத்தான் இறங்கும்.

நாக்கடி மைக்ரோஸ்கோப்

நாக்குக்கு அடியில் சின்ன கேமராவை வைத்து, தந்துகிகளில் சிவப்பணுக்கள் ஓடுவதை நேரடியாகப் பார்க்கும் கருவிகளும் உண்டு. ஓட்டத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். செப்சிஸில் ஒரு தந்துகி ஓட, பக்கத்தில் இருப்பது அடைத்து நிற்பது அதில் தெரியும். கேமராவைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே ஓட்டம் நின்றுவிடும் என்பதால் பழகிய கை வேண்டும். இன்றைக்கும் அது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவிதான். உங்கள் வார்டில் இல்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

படி 6: கழற்றிய பிறகு

மெஷினை நிறுத்தி அரை மணி நேரம் கழித்து விரலையும் முழங்காலையும் இன்னொரு தடவை பாருங்கள். திசுவில் இருந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பியிருந்தால் நேரம் குறைந்திருக்கும். குறையவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த நாள் எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்ய உதவும். ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது எந்தக் கை, எந்த விரல் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் ஃபிஸ்டுலா கையில் ஆரம்பித்து, இத்தனை நேரம் எழுதிய எண்களோடு ஒப்பிட்டுக் குழம்புவார்.