கால் கிலோ பிளாஸ்டிக்கில் 36 டன்: டி-55 டாங்க் மாடல் செய்யும் முறை

கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டோரம் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பகலில் லாரி, டிப்பர். ராத்திரியில் 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, டாங்க் மாடல். லாரிக்குப் பெயின்ட் அடித்தால் அது புதுசாகத் தெரிய வேண்டும். டாங்க் மாடலுக்கு அடித்தால் அது கனமாகத் தெரிய வேண்டும். சோவியத் யூனியனின் நிஜ டி-55 டாங்க் 36 டன். கிட் பெட்டியில் இருக்கிற பிளாஸ்டிக்கை மொத்தமாகத் தராசில் போட்டால் கால் கிலோ தேறுவதே சந்தேகம். அதை எப்படி 36 டன்னாகக் காட்டுவது என்பதுதான் இந்த வேலையே. ஒட்டுவது, தேய்ப்பது, அடிப்பது எல்லாமே அதற்காகத்தான்.

முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு ஜப்பான் கம்பெனி டாமியாவின் 1/35 டி-55ஏ கிட்டைச் சொல்வேன். பாகங்கள் இடைவெளி விடாமல் அழகாக உட்காரும். செயினைத் துண்டு துண்டாகக் கோக்க வேண்டியதில்லை, வளைகிற பட்டையாகவே வரும். அதோடு இது நம் ராணுவம் ஓட்டிய டாங்க். 1971 டிசம்பர் போரில் நம்மிடம் டி-55 இருந்தது. எதிரில் பாகிஸ்தானிடம் சீனாவின் டைப் 59 இருந்தது, அதுவும் டி-55க்கு முந்தைய டி-54ஐப் பார்த்துச் செய்ததுதான். இந்த விஷயத்தை மனதில் வையுங்கள், பீரங்கிக் குழலுக்கு வரும்போது தேவைப்படும். கிட்டை ஆன்லைனில் வாங்கலாம். கையில் எடுத்துப் பார்த்து வாங்க ஆசைப்பட்டால் 90 கிலோமீட்டர் பஸ் ஏறி பெங்களூர் போக வேண்டும்.

பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் பிரேமிலிருந்து அவற்றை வெட்ட நல்ல நிப்பர் ஒன்று வாங்கிவிடுங்கள். பாகத்தை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்தால் போதும். அதற்கு முன்பே பிரேமோடு சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

ஒட்டுவதற்கு டாமியா எக்ஸ்ட்ரா தின். இது பசை இல்லை, பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடும். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்பில் தொட்டால் தானாக உள்ளே ஓடும். பட்டறையில் வைத்திருக்கும் என்.சி. தின்னரை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். லாரித் தகரத்துக்கு ஒன்றும் ஆகாது, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். சந்து அடைக்கப் பட்டி வேண்டுமென்றால், அதே கிட் பிரேமைப் பொடியாக நறுக்கி, பழைய பாட்டில் ஒன்றில் கொஞ்சம் எக்ஸ்ட்ரா தின் விட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காய்ந்தால் பாகத்தோடு பாகமாக ஆகிவிடும். வண்டிக்குப் போடும் பட்டி இதற்கு ரொம்பக் கரடு.

இந்த அளவில் ஒரு கணக்கு எப்போதும் தலையில் ஓட வேண்டும்: மாடலில் 1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 3.5 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் மட்கார்டின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், நிஜத்தில் அது மூன்றரை சென்டிமீட்டர் தகரம் என்று அர்த்தம். அப்படி எங்கேயும் கிடையாது. அதனால் ஓரத்தை மட்டும் அடிப்பக்கத்திலிருந்து கத்தியால் சுரண்டி மெலிதாக்குங்கள். மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளிம்பு மட்டும்தானே தெரியும். மெலிந்த இடத்தைக் குறட்டால் லேசாக நெளித்துவிட்டால் தகரம் தகரமாகத் தெரியும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் கவசம் தானாகவே தடிமனாகத் தெரியும்.

இப்போது பீரங்கிக் குழல். டி-55இன் 100 மி.மீ. பீரங்கியில் புகை வெளியேற்றும் உருளை குழலின் நுனியில் இருக்கும். 1971இல் நம் ஆட்கள் குழலின் நடுவிலும் ஒரு போலி உருளையை மாட்டினார்கள். தூரத்தில் பார்த்தால் டி-55க்கும் டைப் 59க்கும் வித்தியாசம் தெரியாது, நம் குண்டு நம் டாங்கிலேயே விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக. கிட்டில் இது வராது, நாம்தான் செய்ய வேண்டும். குழலின் இணைப்புக் கோட்டை முதலில் தேய்த்து எடுங்கள். ஒரே பக்கம் தேய்த்தால் தட்டையாகிவிடும், அதனால் வாட்டர் பேப்பரைக் குழலைச் சுற்றி வளைத்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். பிறகு நடுவில் மாஸ்கிங் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள். பழைய போட்டோக்களோடு ஒப்பிட்டு, தடிமன் சரி என்று பட்டதும் நிறுத்தி, மேலே ஃபெவிக்விக் தடவி ஊறவிடுங்கள். காய்ந்த பிறகு 1000 நம்பரில் தேய்த்தால் டேப் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு பாகம் போதும், இது எந்த நாட்டு டாங்க், எந்த வருஷம் என்று சொல்லிவிடும்.

பீரங்கியோடு சுழலும் மேல்பகுதியான டரட் வேலைக்கு அவசரப்படாதீர்கள். டி-55இன் உடல் தகடுகளை வெல்டிங் செய்தது, அதனால் மழமழவென்று இருக்கும். டரட் அப்படியில்லை, உருக்கை அச்சில் ஊற்றி வார்த்தது. பழைய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், அந்தச் சொரசொரப்புத்தான் வேண்டும். டரட்டில் உள்ளங்கை பாதி அளவு இடத்துக்கு எக்ஸ்ட்ரா தின்னைத் தடவி, இருபது முப்பது விநாடி விட்டு, முடி உதிர்ந்த கெட்டி பிரஷ்ஷை நேராகப் பிடித்துக் குத்திக்கொண்டே போங்கள். பிளாஸ்டிக் இளகி, சின்னச் சின்னப் பொறியாக எழும்பும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும், கவலை வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு 800 நம்பர் பேப்பரால் மேலோட்டமாகத் தேய்த்தால் உயரமாக நின்றதெல்லாம் தணிந்து, பள்ளம் மட்டும் நிற்கும். பீரங்கிக்குப் பக்கவாட்டில் கண்ணுக்கு முதலில் படும் இடங்களில் ஒரே மாதிரி இல்லாமல் அங்கங்கே குறைத்துக் கூட்டிச் செய்யுங்கள்.

கைப்பிடிகளைக் கம்பியால் மாற்றுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி தடியாக இருக்கும், நடுவில் கோடும் ஓடும். இதற்கு எங்கேயும் அலைய வேண்டாம். நம் மாவட்டத்தில் போர் மோட்டார் ஓடாத ஊர் கிடையாது, மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத கடைத்தெருவும் கிடையாது. அங்கே கேட்டால் 25 கேஜ் தாமிரக் கம்பி மிச்சத்துண்டு கொடுப்பார்கள். அது அரை மில்லிமீட்டர், அதாவது நிஜத்தில் 17.5 மில்லிமீட்டர் கம்பி. சரியான அளவு. பிளாஸ்டிக் கைப்பிடியைச் சீவிவிட்டு, பின் வைஸில் (விரலால் திருகும் குட்டி டிரில்) 0.5 பிட் போட்டு ஓட்டை போட்டு, வளைத்துச் செருகி ஃபெவிக்விக் ஒரு சொட்டு. இழுவைக் கயிற்றுக்கு மின்சார ஒயரில் உள்ள மெல்லிய இழைகளை முறுக்கிக்கொள்ளலாம். பின்னால் கட்டும் மரக்கட்டைக்குப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், நன்றாகக் காய்ந்த துளசித் தண்டை வெட்டி வையுங்கள். பட்டை அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் இந்த அளவுக்குப் பெரிய மரம் போலவே தெரியும்.

செயின் மாட்டுவது பெயின்ட் அடித்த பிறகுதான். ஆனால் கனத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். டி-55க்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி அதிகம். மேலே செயினைத் தாங்க உருளை எதுவும் கிடையாது, செயின் சக்கரங்களின் தலையிலேயே படுத்துக்கொண்டு போகும். இழுக்கும் பல்சக்கரம் பின்னால் இருப்பதால், முன்னோக்கி ஓடும்போது கீழ்ப் பக்கம் விறைப்பாகவும் மேல் பக்கம் தொய்வாகவும் இருக்கும். கிட்டில் உள்ள பட்டையை அப்படியே மாட்டினால் ரப்பர் பேண்டு மாதிரி நிற்கும், அதைப் பார்த்தவுடனே பொம்மை என்று தெரிந்துவிடும். மாட்டிய பிறகு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மட்கார்டுக்கும் செயினுக்கும் நடுவில் திணியுங்கள். செயின் இரண்டு, மூன்று, நான்காவது சக்கரங்களின் மேல் அழுந்த வேண்டும், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நன்றாகத் தொங்க வேண்டும். படும் இடங்களில் மட்டும் ஊசி முனையால் ஃபெவிக்விக். மறுநாள் ஸ்பாஞ்சை எடுத்தால் இரும்புச் செயின் தொங்குகிற மாதிரியே நிற்கும்.

சரி, பெயின்ட். பிரைமர் ஒரு மெல்லிய கோட் கட்டாயம் வேண்டும். தாமிரமும் டேப்பும் பிளாஸ்டிக்கும் ஒரே நிறமாகும்போதுதான் எங்கே பட்டி விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். மேல் நிறத்துக்கு டாமியா அக்ரிலிக் எக்ஸ்எஃப்-62, ஆலிவ். பாட்டிலில் இருந்தபடி அடித்தால் சின்னப் பொருளில் இருட்டாகத் தெரியும். அதனால் எக்ஸ்எஃப்-57 பஃப் என்ற வெளிர்பழுப்பு நிறத்தைப் பத்துக்கு ஒரு பங்கு கலக்கிறேன். மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பெயின்டுக்குச் சமமாகக் கலந்து, 0.3 நாசில் ஏர்பிரஷ், 15 பி.எஸ்.ஐ. காற்று. பட்டறை ஸ்ப்ரே கன்னை இதற்கு எடுக்க வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாங்காய் சீசனில் பகல் பதினோரு மணிக்கு அடித்தால், பெயின்ட் மாடலைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூசியாகப் படியும், தடவினால் சொரசொரக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அடித்துவிட வேண்டும், கூடவே பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு பிரச்சினை. லேக்கர் வகை வார்னிஷ் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துப்போகும். மழை நிற்கிற நாளுக்குக் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

முதல் கோட் காய்ந்ததும், அதே நிறத்தில் இன்னும் கொஞ்சம் பஃப் சேர்த்து, மேலே பார்த்திருக்கும் பரப்புகளின் நடுவில் மட்டும் புகை மாதிரி லேசாக அடியுங்கள். டரட்டின் அடிப்பகுதி, மட்கார்டின் கீழ்ப்பகுதி எல்லாம் முதல் நிறத்திலேயே இருக்கட்டும். கீழே இருட்டும் மேலே வெளிச்சமும் இருந்தால்தான் பொருள் தரையில் உட்கார்ந்த மாதிரி தெரியும். சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்குக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் போதும். நம்பரோடு வரும் மேல்நோக்கிய அம்புக்குறியை, அதாவது நம் ராணுவ வண்டிகளின் அடையாளத்தை, 000 பிரஷ்ஷால் கையாலேயே எழுதலாம்.

பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிட்ட பிறகு வாஷ், அதாவது பள்ளங்களில் நிழல் காட்டும் நீர்த்த நிறம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஆயில் கலர் டியூபில் பர்ன்ட் அம்பரும் கறுப்பும் சேர்த்து, டர்பன்டைனில் தண்ணீராகக் கரையுங்கள். போல்ட் தலை, வெல்டிங் ஓரம், மூடியின் விளிம்பு என்று நுனி பிரஷ்ஷால் தொட்டால் போதும், பள்ளத்தில் தானாக ஓடும். மொத்தமாக மேலே ஊற்றிவிட்டால் அழுக்காகத்தான் தெரியும்.

பெயின்ட் எங்கே தேயும், எங்கே தேயாது என்பதற்குப் புத்தகம் தேட வேண்டாம். பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் குவாரிகளில் ஓடும் ஹிட்டாச்சி வண்டிகளைப் பாருங்கள். பல மாடல்களில் செயின் முழுக்க ஆரஞ்சுத் துரு பூசியிருப்பார்கள். தினமும் ஓடுகிற வண்டியின் செயினில் துருப் பிடிக்க நேரமே இல்லை. தரையைத் தொடும் முனை வெள்ளிபோல் தேய்ந்திருக்கும், குழியில் மண் அப்பியிருக்கும், நடுவில் கரும்பழுப்பு. அடர் பழுப்பு அடித்து, முனைகளில் மட்டும் 6பி பென்சிலைத் தேய்த்தால் அந்த இரும்பு வந்துவிடும். உடம்பில் பெயின்ட் போவது ஆள் கால் வைத்து ஏறும் இடம், கை பிடிக்கும் இடம், மூடியின் ஓரம். அங்கே மட்டும் ஸ்பாஞ்சுத் துணுக்கால் கரும்பழுப்பை ஒற்றுங்கள். ஆள் கால் படாத சரிவான கவசத்தில் கீறல் போட்டால் காரணமே இல்லாமல் தெரியும்.

மண்ணுக்கு வருகிறேன். நம் செம்மண் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது, அள்ளிப் பூச ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த டாங்க் ஓடியது பஞ்சாப் எல்லையிலும் வங்காளத்திலும். அங்கே இருப்பது ஆற்று வண்டல், சாம்பல் கலந்த வெளிர்பழுப்பு. செம்மண் பூசினால் டாங்க் கிருஷ்ணகிரியில் நிற்கும். அதற்குப் பதில் காய்ந்த ஏரி வண்டலை எடுத்து, நன்றாக இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் மணல் தப்பி வந்தாலும் அது மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லியாகிவிடும். கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் இந்தப் பொடியை ஆல்கஹாலில் கலந்து தொட்டு வையுங்கள். மேலே போகப் போகக் குறைய வேண்டும், டரட்டில் இடுக்குகளில் மட்டும் இருக்கட்டும். கடைசியாக மேட் வார்னிஷ். அது காய்ந்த பிறகு செயின் முனைகளில் பென்சிலை இன்னொரு முறை ஓட்டுங்கள், மேட் அடித்ததும் அந்தப் பளபளப்புப் போய்விட்டிருக்கும்.

பீடம் செய்வதாக இருந்தால், பலகையில் அதே வண்டல் பொடியை ஃபெவிக்காலும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். டாங்கின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் பேப்பர் வைத்து, ஈரம் இருக்கும்போதே அழுத்துங்கள். செயின் ஒரு மில்லிமீட்டராவது உள்ளே இறங்க வேண்டும், ஐந்து சக்கரமும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் அவ்வளவு வேலையும் பிளாஸ்டிக்காகிவிடும். பேப்பரோடு தூக்கிவிட்டு, பின்பக்கம் செயின் தடத்தை உதிரிச் செயின் துண்டால் குத்தி நீட்டுங்கள். இரண்டு நாள் காயட்டும். பிறகு டாங்கைத் திரும்ப வைத்து, அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடலாம்.