மக்கர் செய்த துப்பாக்கிகள்: பழியை எங்கே போடுகிறோம்?

"வியட்நாமில் எம்-16 மக்கர் செய்தது, மட்டமான துப்பாக்கி" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அமெரிக்கச் சிப்பாய்களின் எம்-16 ரைஃபிள் அங்கே மக்கர் செய்தது உண்மை. ஆனால் 20ஆம் நூற்றாண்டுப் போர்க்கருவிகளைப் பற்றிப் பேசும்போது நாம் அதிகம் செய்கிற தவறு, சிப்பாயின் கையிலிருந்த இரும்பை மட்டும் பார்ப்பதுதான். தோட்டா, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின், துடைக்கும் கம்பி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த அந்தத் துப்பாக்கி ஒருவகை வெடிமருந்தை நம்பி உருவானது. அமெரிக்க ராணுவம் தோட்டாவில் வேறு மருந்தை அடைத்தது. சுடும் வேகம் எகிறியது, உள்ளே கசடும் அதிகம் படிந்தது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சும் தரவில்லை. வியட்நாமின் ஈரத்தில் அந்த அறை துருப்பிடித்தது. சுட்ட பிறகு வெறும் பித்தளைக் கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க, குழலின் முன்வாய் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ள வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது! அந்தக் கம்பிகூடப் பலரிடம் இல்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பெரிதாகப் பராமரிப்பு வேண்டாம் என்ற பேச்சு வேறு பரவியிருந்தது.

இங்கே இன்னொரு தவறு. "பையன்கள் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை" என்று சிப்பாய்கள்மீது பழியைத் தள்ளுவது. அன்றைக்கே அப்படித் தள்ளினார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். துடைக்கக் கருவி கொடுக்காமல் துடைக்கவில்லை என்றால் எப்படி? 1967இல் விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு, இந்த விவகாரத்தை ராணுவம் கையாண்ட விதம் குற்றத்தை நெருங்கும் அலட்சியம் என்றே எழுதியது. அப்புறம் அறைக்குக் குரோம் வந்தது, துடைக்கும் கருவிகள் வந்தன. அதே குடும்பத்துத் துப்பாக்கி பல பத்தாண்டுகள் உழைத்தது.

பயிற்சி மைதானத்தில் குறி தவறாத துப்பாக்கி பதுங்குகுழியிலும் கைகொடுக்கும் என்று நம்புவதும் தவறு. கனடாவின் ராஸ் ரைஃபிள் நல்ல துல்லியம் கொண்டது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில், சேறும் அளவு சரியாகப் பொருந்தாத பிரிட்டிஷ் தோட்டாக்களும் சேர்ந்து, தோட்டா அறையைத் திறந்து மூடும் அதன் போல்ட்டை இறுக்கிவிட்டன. காலால் உதைத்துத் திறந்தார்கள். பலர் அதை வீசிவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நல்ல தோட்டாவைப் பொறுக்கியெடுத்து, துப்பாக்கியைக் கண்போலப் பார்த்துக்கொண்ட, மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்கள் ராஸையே விரும்பினார்கள்.

கடைசியாக, ஒரே பெயரில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பிரான்சின் ஷோஷா இலகு இயந்திரத் துப்பாக்கியை எல்லோரும் திட்டுகிறார்கள். அதன் மேகசின் ஒரு பக்கம் திறந்திருந்ததால் சேறு உள்ளே போனது, சரி. ஆனால் வெறுங்கூடு சிக்கி நின்றுபோனதாகச் சொல்லப்படும் கதைகளில் பல, அமெரிக்கத் தோட்டாவுக்காக அறையைத் தப்பான அளவில் குடைந்து செய்த வகையைப் பற்றியவை. பிரெஞ்சுக்காரர்களின் 8 மி.மீ. ஷோஷா, குறைகளோடுதான் என்றாலும், 1918 வரை அவர்களோடு களத்தில் நின்றது.