இலவச போர்ட்டபிள் மென்பொருள்களைப் பென்டிரைவில் வைத்துப் பயன்படுத்தும் முறை

கல்லூரிக் கணினிக்கூடம், பிரவுசிங் சென்டர், உறவினர் வீடு என்று மாறி மாறி அமர்ந்து வேலை செய்ய வேண்டியிருப்பவர்களுக்குக் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் செல்வது போதுவதில்லை. அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் அங்கே இல்லாமல் போகலாம். இருந்தாலும் பழைய பதிப்பாகவோ, வேறொருவர் விருப்பப்படி அமைக்கப்பட்டதாகவோ இருக்கலாம். போர்ட்டபிள் மென்பொருள் இந்தக் குறையைத் தீர்க்கிறது. வழக்கமாக நிறுவப்படும் மென்பொருள் தன் அமைப்புகளை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புத் தரவுத்தளத்திலும் பயனர் கோப்புறைகளிலும் பிரித்து எழுதி வைக்கும். போர்ட்டபிள் வடிவமோ நிரல், அமைப்புகள், பயனரின் தரவு ஆகிய அனைத்தையும் ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொள்வதால், நிர்வாகி அனுமதி பெறாமலே பெரும்பாலான கணினிகளில் இயங்குகிறது.

முதலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கொள்ளளவு 32 ஜிபி இருந்தால் தாராளமாகப் போதும், வேகம்தான் முக்கியம். பிரவுசர் போன்ற மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளை ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பதால், மலிவான யூஎஸ்பி 2.0 டிரைவில் அவை திணறும். யூஎஸ்பி 3.0 டிரைவை, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் அதற்குரிய துளையில் செருகிப் பயன்படுத்துங்கள். சந்தையில் உறைமேல் ஓர் அளவும் உள்ளே வேறோர் அளவுமாக விற்கப்படும் போலி டிரைவுகள் உண்டு. அவற்றில் எழுதும்போது எந்தப் பிழையும் தெரியாது, திறக்கும்போதுதான் கோப்புகள் பாழாகியிருப்பது தெரியும். எனவே வாங்கியவுடன், டிரைவ் காலியாக இருக்கும்போதே, எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச நிரலைக் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். அதையும் நிறுவத் தேவையில்லை.

அடுத்தது ஃபார்மட், அதாவது டிரைவில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை. எஃப்ஏடி32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க இயலாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு அந்தத் தடை இல்லை. மேக் கணினிகளும் புதிய தொலைக்காட்சிகள் பலவும் அதைப் படிக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவ் பிடுங்கப்பட்டால் கோப்பு அட்டவணையைச் சீர்செய்துகொள்ள உதவும் பதிவேடு என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கிறது, எக்ஸ்ஃபேட்டில் இல்லை. விண்டோஸ் கணினிகளில் மட்டுமே பயன்படுத்துவதாக இருந்தால் என்டிஎஃப்எஸ்ஸையே நான் பரிந்துரைப்பேன்.

மென்பொருள்களைப் பெற நம்பத்தக்க இடம் போர்ட்டபிள்ஆப்ஸ்.காம். 2004இல் ஜான் ஹேலர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் போர்ட்டபிள் வடிவத்தை வெளியிட்டதில் தொடங்கி வளர்ந்த திட்டம் அது. அங்கிருந்து 'பிளாட்ஃபார்ம்' என்னும் மெனு நிரலைப் பதிவிறக்கி இயக்கி, நிறுவும் இடமாகப் பென்டிரைவைக் காட்டினால், டிரைவின் தொடக்கத்தில் 'ஸ்டார்ட்' என்ற நிரலும் 'போர்ட்டபிள்ஆப்ஸ்' என்ற கோப்புறையும் உருவாகும். இதன் பிறகு மெனுவிலிருந்தே வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கலாம். புதிய பதிப்புகள் வந்திருக்கின்றனவா என்பதையும் அங்கேயே சரிபார்க்கலாம். விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களை 'போர்ட்டபிள்' என்று பெயரிட்டு அளிக்கும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். அவை உரிமம் மீறியவை என்பதோடு, தீநிரல்களைப் பரப்புவோர் விரும்பித் தேடும் வழியும் அதுவே.

தொடக்கத்தில் ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், கோப்புகளைச் சுருக்க 7-ஜிப், பிடிஎஃப் படிக்க சுமாத்ரா பிடிஎஃப், படமும் பாட்டும் இயக்க விஎல்சி ஆகிய ஐந்தும் போதும். இவை ஐந்துமே மூலநிரல் திறந்தவை என்பதால் சொந்த வேலைக்கும் அலுவலக வேலைக்கும் தடையின்றிப் பயன்படும். படங்களைப் பார்க்க உதவும் இர்ஃபான்வியூ போன்றவை கட்டணமில்லாதவை என்றாலும் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டியவை. ஆகவே சேர்க்குமுன் உரிம வரிகளைப் படித்துவிடுங்கள்.

தமிழில் ஆவணம் தயாரிப்பவர்களுக்கு எழுத்துருதான் பெரிய சிக்கல். யூனிகோடில் தட்டச்சு செய்தது விண்டோஸ் 8 முதற்கொண்டு உடன்வரும் நிர்மலா எழுத்துருவில் எங்கும் படிக்கக் கிடைக்கும். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த ஆவணம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பிளாட்ஃபார்மின் கோப்புறைக்குள் உள்ள 'டேட்டா' பகுதியில் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறையில் உங்கள் எழுத்துருக்களை வைத்துவிட்டால், மெனு இயங்கிக்கொண்டிருக்கும் வரை போர்ட்டபிள் மென்பொருள்களில் அவை கிடைக்கும். மெனுவை மூடியதும் அவை நீங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸில் ஆவணத்தின் பண்புகளுக்குச் சென்று எழுத்துருவை ஆவணத்திலேயே பதிக்கும் வசதியும் உண்டு. அச்சுக்காக ஜெராக்ஸ் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்த ஏற்பாடுகளையெல்லாம் நம்பாமல், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக மாற்றியே கொடுங்கள். தட்டச்சுக்கு விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையை மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்வது எளிது; வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட்டு எழுவது அடுத்து வருபவருக்குச் செய்யும் மரியாதை.

ஒவ்வொரு போர்ட்டபிள் மென்பொருளின் கோப்புறைக்குள்ளும் 'ஆப்', 'டேட்டா' என்று பிரிவுகள் இருக்கும். 'ஆப்' என்பது நிரல். அது அழிந்தாலும் மீண்டும் பதிவிறக்கலாம். 'டேட்டா' என்பது உங்கள் புக்மார்க்குகளும் அமைப்புகளும். அது அழிந்தால் போனதுதான். பென்டிரைவுக்கு ஒரு கணினி 'ஈ' என்றும் மற்றொன்று 'எஃப்' என்றும் எழுத்து வழங்குவதால், சேமித்த பாதைகள் மாறிவிடக்கூடும். மெனுவிலிருந்து ஒரு மென்பொருளைத் திறக்கும்போது முதலில் இயங்கும் அதன் தொடக்க நிரல் பெரும்பாலும் அவற்றைத் திருத்திக்கொள்ளும். எனவே உள்ளே இருக்கும் மூல நிரலை நேரடியாகத் திறக்காமல், எப்போதும் மெனு வழியாகவே திறக்க வேண்டும்.

கடவுச்சொல் விஷயத்தில் பிரவுசர்கள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. குரோம், சேமித்த கடவுச்சொற்களை அந்தந்த விண்டோஸ் கணக்கோடு பிணைத்துக் குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்வதால், வேறு கணினியில் அவை திறக்கா. ஃபயர்ஃபாக்ஸ் அதற்கான திறவுகோலைத் தன் தரவுக் கோப்புறையிலேயே வைத்திருப்பதால் அவை கூடவே வரும். டிரைவ் தொலைந்தால் எடுத்தவர் கைக்கும் அவை போய்ச்சேரும். ஆகவே சேமித்த எல்லாவற்றையும் பூட்டும் முதன்மைக் கடவுச்சொல்லை அதில் அமைக்காமல் எதையும் சேமிக்காதீர்கள். விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் தீநிரல் இருக்கும் கணினியில் எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது என்பதால், பொதுக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதையே தவிர்க்க வேண்டும்.

பல கணினிகளில் செருகப்படும் டிரைவ் வைரஸையும் சுமந்து செல்லும். செருகியவுடன் தானாக இயங்கும் வசதியைப் பென்டிரைவுகளுக்கு விண்டோஸ் 7இலேயே நீக்கிவிட்டார்கள்; ஆகவே இன்று வைரஸ் பெரும்பாலும் நம் கையால் அழுத்தித்தான் இயங்குகிறது. கோப்புறைகள் மறைந்து அவற்றின் பெயரிலேயே ஷார்ட்கட்டுகள் தோன்றினால், அவற்றில் ஒன்றையும் அழுத்தாதீர்கள். நம்பகமான கணினியில் வைரஸ் எதிர்ப்பு நிரலால் டிரைவைச் சோதித்த பிறகு, மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்துப் பார்த்தால், உங்கள் கோப்புறைகள் பெரும்பாலும் அழியாமல் அங்கேயே இருக்கும்.

முடிக்கும்போது ஒவ்வொரு மென்பொருளையும் முறையாக மூடி, தொடக்க நிரல் தன் துப்புரவு வேலையை முடிக்கச் சில நொடிகள் காத்திருந்து, பிறகு மெனுவிலுள்ள வெளியேற்று பொத்தானால் டிரைவை விடுவித்து எடுங்கள். இப்படி எடுத்தாலும் சுவடே இல்லாமல் போய்விடாது: இன்ன டிரைவ் செருகப்பட்டது என்பது ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கும்; அண்மைக் கோப்புகளின் பட்டியலிலும் தற்காலிகக் கோப்புறையிலும் ஏதேனும் எஞ்சியிருக்கலாம். அலுவலகக் கணினியாக இருந்தால் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்ற பிறகே செருகுங்கள்.

பென்டிரைவின் நினைவகம் முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கக்கூடியது; சிறிய பொருள் என்பதால் தொலைவதும் எளிது. வாரம் ஒருமுறையாவது 'டேட்டா' கோப்புறைகளையும் ஆவணங்களையும் 7-ஜிப் கொண்டு ஒரே கோப்பாகச் சுருக்கி வீட்டுக் கணினியிலோ வேறொரு வட்டிலோ வையுங்கள். சுருக்கும்போது 7இசட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல் கொடுத்தால் ஏஇஎஸ்-256 என்னும் வலுவான முறையில் குறியாக்கம் ஆகும். கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தேர்வை உடன் இட்டுவிடுங்கள். அந்தக் கடவுச்சொல்லை அதே பென்டிரைவில் எழுதி வைக்காதீர்கள்.