பக்கத்துத் தொழுவத்தில் மாடு ஈனும் இரவு

40 ஆண்டுகளாகப் பால் கறக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எந்த மாட்டுக்கு ஈற்று வலி கண்டாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இனி இரவில் ஓட என் முழங்கால் விடாது. நான் செய்துவந்ததை நீங்கள் செய்ய வேண்டும்.

போனதும் மாட்டைத் தொடாதீர்கள். கூட்டத்தை விலக்கிவிட்டு, பனிக்குடம் எப்போது தெரிந்தது என்று கேட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். பதறிப்போன வீட்டுக்காரருக்குப் பத்து நிமிடமும் ஒரு மணி நேரமாகத் தெரியும். இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் வந்தால் கன்று நேராக வருகிறது. குளம்பின் அடி மேலே பார்த்தால் அவை பெரும்பாலும் பின்னங்கால்கள். அப்போதும், ஒரு கால் மட்டும் வந்தாலும், குடம் தெரிந்து ஒரு மணி நேரமாகியும் கன்று நகராவிட்டாலும் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இளவயதில் ஒரு வீட்டில் அவசரப்பட்டு இழுத்தேன். கன்று பிழைக்கவில்லை. அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது ஓயும்போது கையைத் தளர்த்துங்கள். தலை வெளியே வந்ததும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

கன்று விழுந்ததும் மூக்குச் சளியைத் துடையுங்கள். மூச்சு வராவிட்டால் வைக்கோல் துரும்பால் மூக்கின் உள்ளே சீண்டுங்கள். தொப்புள் கொடியை அயோடினில் நனையுங்கள். மற்றதைத் தாய் நக்கியே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது சீம்பால். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கன்று நோய் எதிர்ப்பு இல்லாமல் பிறக்கிறது. சீம்பாலில் இருப்பதை அதன் குடல் முதல் 24 மணி நேரம்தான் உறிஞ்சும், அதுவும் மணிக்கு மணி குறையும். ஆகையால் இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்கத் தொடங்க வேண்டும். 30 கிலோ கன்றென்றால் ஆறு மணி நேரத்துக்குள் 3 லிட்டர் உள்ளே போகட்டும். தாய்க்குச் சுரக்காத நாளுக்காக, நல்ல மாட்டின் மிச்சச் சீம்பாலை உறைய வைத்து எப்போதும் இரண்டு புட்டிகள் வைத்திருப்பேன். நீங்களும் வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் இளக்குங்கள். கொதிநீர் பட்டால் அதன் பயனே போய்விடும்.

நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்காதீர்கள். 12 மணி நேரத்தில் விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய் மாட்டின் காதைத் தொட்டுப் பாருங்கள். காது சில்லிட்டு, தலையை விலாப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைந்திருக்கக்கூடும். உடனே மருத்துவரை அழையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். மருத்துவர் வரும்வரை அந்த வீட்டுக்காரரோடு அங்கேயே இருங்கள்.