கல்லட்டி இறக்கத்துக்கு ஜீப்புல பிரேக் சூடு பாக்குற போர்டு

ஊட்டிலருந்து கல்லட்டி வழியா மசினகுடி இறங்கினவங்களுக்குத் தெரியும், 36 கொண்டை ஊசி வளைவு, பிரேக்கையே மிதிச்சு இறங்கினா பாதியிலயே கருகுன வாடை வந்துரும், அதுக்கு முன்னாடியே பஸ்ஸர் கத்தணும்ங்கிறதுக்குத்தான் இந்த போர்டு.

மூளைக்கு ஈஎஸ்பி32ங்கிற சின்ன கன்ட்ரோலர் போதும். சென்சார்லதான் கவனம், கைக்குக் கிடைக்குற டிஎஸ்18பி20 சூடு சென்சார் 125 டிகிரியோட முடிஞ்சுரும், பிரேக் அதை ஈசியா தாண்டும். கே டைப் தெர்மோகப்பிளும் (ரெண்டு உலோகக் கம்பிய முனையில இணைச்ச சூடு சென்சார்) அதைப் படிக்கிற மேக்ஸ்6675 சிப்பும் வாங்குங்க, 1024 டிகிரி வரைக்கும் படிக்கும். தெர்மோகப்பிள் முனையை பிரேக் பேடோட பின்தகட்டுல பதிச்சு, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்து, வயர் இழுபடாத அளவுக்கு தொய்வு விட்டு கட்டுங்க.

பேட்டரி 12 வோல்ட்னு நம்பாதீங்க, என்ஜின் ஓடுறப்ப 14 சுத்தி நிக்கும், திடீர் வோல்டேஜ் ஸ்பைக் வேற வரும். முதல்ல ஃப்யூஸ், அடுத்து ஸ்பைக்கை அடக்குற டிவிஎஸ் டையோடு, அப்புறம்தான் வோல்டேஜைக் குறைக்குற பக் கன்வர்ட்டர். டையோடு போடாம விட்ட என் முதல் போர்டு சாவி திருப்பினதுமே புகைஞ்சிருச்சு, ஒரு மாச வேலை.

இங்க மூடுபனியில போர்டுக்குள்ளயே வேர்க்கும், அதனால ஈரம் படாம காக்குற கன்ஃபார்மல் கோட்டிங் கட்டாயம் அடிங்க, கனெக்டர் வாய் கீழ பாத்தபடி இருக்கட்டும். அலாரம் அளவை ஊகத்துல வைக்காதீங்க, செகண்ட் கியர்ல ஒழுங்கா ஒருதடவை இறங்கி போர்டோட சேத்த எஸ்டி கார்டுல பதிவாகுற ரீடிங்க பாத்துட்டு, அதுக்குக் கொஞ்சம் மேல வைங்க.