கோட்டை மான்களைப் படம் பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டையின் வாயிலைத் தாண்டிக் கோணேசர் கோவிலை நோக்கி நடக்கத் தொடங்கினால், பாதையின் இருபுறமும் புள்ளிமான்கள் மேய்வதைக் காணலாம். வேலி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, ஜீப் வாடகையும் இல்லை. ஆகவே இப்பகுதியில் புதிதாகக் கமராவும் சூம் லென்ஸும் வாங்கும் பலர் தங்கள் முதல் விலங்குப் படத்தை இங்கேதான் எடுக்கிறார்கள். நானும் இங்கேதான் தொடங்கினேன். வார இறுதிகளில் அங்கு வரும் இளைஞர்களைக் கவனிக்கும்போது, எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லாத காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். மின்கலத்துக்கு மின்னேற்ற மறப்பது, நினைவக அட்டையை வீட்டில் விட்டுவருவது போன்றவை ஒரே நாளில் தாமாகத் திருந்திவிடும். தாமாகத் திருந்தாதவற்றைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

உணவு காட்டி மானை அருகே அழைத்தல்

எல்லாத் தவறுகளிலும் இதுவே பெரியது. எத்தனை தடவை கண்டாலும் எனக்கு ஆத்திரம் வருவதும் இதனால்தான்.

வெள்ளிக்கிழமைக் காலைப் பூசை முடிந்து மக்கள் இறங்கிவரும் வேளையில் இதை அதிகம் காணலாம். ஒருவர் கமராவுடன் குந்தியிருப்பார். அவருடைய நண்பர் வாழைப்பழமோ பிரசாதப் புக்கையோ இருக்கும் சொப்பிங் பையைக் கையில் பிடித்துச் சரசரக்கச் செய்வார். பழத்தைக் காட்டவேண்டிய தேவைகூட இல்லை, ஏனெனில் பொலித்தீன் சரசரக்கும் ஒலியே உணவுக்கான அழைப்பு என்பதை அந்த மான்கள் கற்றுக்கொண்டுவிட்டன. ஐந்தாறு மான்கள் ஓடிவந்து கழுத்தை நீட்டும், கமரா தொடர்ந்து சொடுக்கும், எடுத்தவர் மகிழ்ச்சியோடு திரையைப் பார்ப்பார்.

அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். மானின் காதுகள் இரண்டும் முன்னோக்கி விறைத்திருக்கும். கண்கள் சட்டகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். கையை வெட்டி நீக்கலாம், அந்தப் பார்வையை நீக்க முடியாது. மான் பார்ப்பது பழத்தை என்பது விலங்குகளைப் பார்த்துப் பழகிய எவருக்கும் ஒரு கணத்தில் விளங்கிவிடும். இதைவிட வருத்தமான ஒரு முரணும் இதில் உண்டு. விலங்கைக் கலைக்காமல் தூரத்திலிருந்தே படம் எடுப்பதற்காகத்தான் பெரும் பணம் கொடுத்து 150–600 மில்லிமீற்றர் சூம் லென்ஸை வாங்குகிறோம். பின்னர் அதே மானை மூன்று மீற்றர் தூரத்துக்கு அழைத்தால் அந்த லென்ஸின் குவியம் (ஃபோக்கஸ்) நிலைகொள்ளக்கூடிய மிகக் குறைந்த தூரத்தையே எட்டிவிடுகிறோம். சட்டகத்துக்குள் அடங்குவது மூக்கும் ஒரு கண்ணும்தான். கொம்பு வெட்டுப்படும், கோட்டைச் சுவரும் கடலும் படத்தில் இருக்கவே மாட்டா. இதே படத்தைக் கைத்தொலைபேசியால் எடுத்திருக்கலாம்.

படம் கெடுவதுடன் இது முடிந்திருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. மான் அசைபோடும் விலங்கு. அதன் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் மெதுவாகச் செரிக்கப் பழகியவை. சோறும் புக்கையும் இனிப்புப் பழங்களும் ஒரேயடியாக உள்ளே போனால் அவை வேகமாக நொதித்து அமிலத்தைப் பெருக்கும். அந்த அமிலம் அதிகரித்தால் மான் நோயுற்று இறக்கவும் கூடும். பொலித்தீனின் கதை இன்னும் கொடியது. உப்பும் பழச்சாறும் ஒட்டிய பையை மான் அப்படியே விழுங்கும். செரிக்கவும் மாட்டாத, வெளியேறவும் மாட்டாத அந்தப் பை முதல் அறையிலேயே தங்கி, அடுத்தடுத்து விழுங்கப்படும் பைகளுடன் சேர்ந்து உருண்டையாகத் திரளும். வயிறு நிறைந்திருப்பதாக உணரும் மான் மேய்வதைக் குறைத்து, புல் நடுவே நின்றபடியே மெலியும். விலா எலும்பு தெரிய, மயிர் மங்கி நிற்கும் மானை அங்கு கண்டிருந்தால், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான்.

ஒருமுறை பெரிய கலைமான் (ஆண் மான்) ஒன்று பையைப் பறிக்கத் தலையை உயர்த்தியபோது பையின் காது கொம்பின் கவருக்குள் மாட்டிக்கொண்டது. மிரண்ட மான் தலையை உதறி, பை முகத்தில் அடிக்க அடிக்க, சிறு பிள்ளைகள் நின்றிருந்த பாதையின் குறுக்கே பாய்ந்தது. யாருக்கும் காயம் ஏற்படாதது நல்லூழ் என்றே சொல்லவேண்டும். பையை நீட்டியவர் அந்த ஓட்டத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புள்ளிமானின் கொம்பு பொதுவாக மும்மூன்று கவர்கள் கொண்டது. அது முற்றி, மென்தோல் உரிந்து, நுனி வெளுத்திருக்கும் காலத்தில் கலைமான் இணைக்காகச் சண்டையிடும் மனநிலையில் இருக்கும். கண்ணுக்குக் கீழே முன்புறமாக இருக்கும் சுரப்பிப் பிளவு அகலத் திறந்திருந்தால் அது கிளர்ச்சியுற்றிருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்த நிலையிலுள்ள விலங்கை உணவு காட்டிக் கைக்கெட்டும் தூரத்துக்கு அழைப்பவர் தன்னை மட்டுமன்றி அருகில் நிற்போரையும் ஆபத்துக்குள் தள்ளுகிறார்.

மனிதர் கையில் உணவு இருக்கும் என்று நம்பத் தொடங்கிய மான் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. இரவில் நகரத் தெருக்களில் குப்பை கிளறும் மான்களையும், வாகன வெளிச்சத்தின் முன் திகைத்து நிற்கும் மான்களையும் இந்த ஊரில் காணாதவர் இல்லை. அவற்றுக்கு மனிதரிடம் அச்சம் போனதில், படத்துக்காக நீட்டிய ஒவ்வொரு பழத்துக்கும் பங்கு உண்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்விலங்குகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நம்மோடு பழகிவிட்டன என்பதால் அவை வளர்ப்பு விலங்குகள் ஆகிவிடவில்லை.

அழைக்காமல் எப்படி எடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விடியற்காலையில், கோவிலுக்கு வருவோரின் கூட்டம் சேருமுன் செல்லுங்கள். மந்தையிலிருந்து இருபது, இருபத்தைந்து மீற்றர் தள்ளி, ஒரு மரத்தடியில் முதுகு சாய்த்து அமருங்கள். முதலில் எல்லா மான்களும் தலை தூக்கிப் பார்க்கும். ஒன்று முன்காலால் நிலத்தைத் தட்டினாலோ வாலை உயர்த்தினாலோ நீங்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். சற்று நேரத்தில் அவை உங்களை மறந்து மேயத் தொடங்கும். அதன்பின் காணக் கிடைப்பவற்றை எந்தப் பழமும் வாங்கித் தராது: கலைமான் பின்னங்கால்களில் எழுந்து நின்று தாழ்ந்த கிளையில் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தைப் பதிப்பது, மரத்தில் குரங்குகள் உதிர்க்கும் இலைகளுக்காகப் பிணைமான்கள் அடியில் கூடுவது, இளங்கலைகள் இரண்டு கொம்போடு கொம்பு பொருத்திப் பழகுவது. இவற்றுக்குத்தான் அந்த நீண்ட லென்ஸ்.

அதிர்வு தடுக்கும் வசதி மானை நிறுத்தும் என்று நம்புதல்

லென்ஸிலோ கமராவிலோ உள்ள அதிர்வு தடுப்பான் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். மானின் அசைவில் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. மேய்ந்துகொண்டு நிற்கும் மான்கூட அசையாமல் நிற்பதில்லை. தாடை அரைக்கும், காது ஈயை விரட்டும், தோல் சிலிர்க்கும். 1/125 வினாடி ஷட்டர் வேகத்தில் எடுத்துவிட்டு, பின்னால் உள்ள புல் தெளிவாக இருக்க மானின் முகம் மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது என்று லென்ஸைக் குறைசொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். நிற்கும் மானுக்கு 1/500, நடக்கும் மானுக்கு 1/800, ஓடுவதற்கும் சண்டைக்கும் 1/1600 அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஷட்டர் வேகத்தை நீங்கள் தீர்மானித்து, உணரியின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டுவிடலாம். 1600, 3200 என்று அது ஏறினால் அஞ்சவேண்டாம், ஏனெனில் படத்திலுள்ள மணல்போன்ற இரைச்சலை மென்பொருளால் குறைக்க முடியும். அசைவால் குழம்பிய கண்ணை முழுமையாக மீட்க முடியாது.

கொம்பில் குவியம் வைத்தல்

சூம் லென்ஸின் நீண்ட முனையில் தெளிவின் ஆழம் எவ்வளவு குறைவு என்பதைப் பலர் அறிவதில்லை. ஏபிஎஸ்-சி (முழுச்சட்டகத்தைவிடச் சிறிய) உணரி கொண்ட கமராவில் 400 மில்லிமீற்றர் நீளத்திலும் எஃப் 6.3 துவாரத்திலும் 10 மீற்றரில் நிற்கும் மானை எடுத்தால், தெளிவாக விழும் பகுதி ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர்தான். அது ஒரு சாணுக்கும் குறைவு. கமராவைத் தன் விருப்பத்துக்கு விட்டால் அது தனக்கு மிக அருகில் உள்ள கொம்பு நுனியையோ இடையில் தொங்கும் சுள்ளியையோ பிடித்துக்கொள்ளும். கண் அந்தச் சாணுக்கு வெளியே போய்விடும். புதிய மிரர்லெஸ் கமராக்களில் விலங்கின் கண்ணைத் தேடிப்பிடிக்கும் வசதி உண்டு, ஆனால் இலைகளுக்கிடையே அதுவும் தடுமாறும். அத்தகைய இடங்களில் ஒற்றைப் புள்ளியைத் தெரிவுசெய்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணின் மீது வையுங்கள்.

கடலைப் பின்னணியாக வைத்து ஒளி அளவீட்டைக் கமராவிடம் விடுதல்

கோட்டை கிழக்கே கடலுக்குள் நீண்ட நிலத்தில் அமைந்திருப்பதால், காலையில் சூரியனும் கடற்பரப்பும் சேர்ந்து சட்டகத்தின் பெரும்பகுதியை ஒளியால் நிரப்பும். அந்த ஒளியை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும் கமரா மானைக் கரிய நிழலாக்கிவிடும். நிழலுருவம்தான் வேண்டும் என்றால் நல்லது. மானின் செம்பழுப்பு நிறம் வேண்டும் என்றால் ஒளியீட்டை (எக்ஸ்போஷர்) ஒரு படி அளவுக்குக் கூட்டுங்கள், அல்லது சூரியன் உங்கள் முதுகுக்கு வரும்படி இடம் மாறுங்கள். மரநிழலில் இதற்கு நேர்மாறான சிக்கல் எழும். இலைகளின் இடைவெளியால் விழும் வெயில் பொட்டுகளும் மானின் வெண்புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்து, எது ஒளி, எது உடல் என்று பிரிக்க முடியாமல் போகும். காட்டில் மானைக் காப்பாற்றும் அந்தக் குழப்பம் படத்தில் மானை அழித்துவிடும். அங்கு ஒளியீட்டைச் சற்றுக் குறைத்து, ரோ (RAW, கமரா பதப்படுத்தாத) கோப்பாக எடுங்கள். வெளுத்துப்போன புள்ளியில் பின்னர் மயிரின் இழையை மீட்க இயலாது.

ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் இவ்வூருக்கு நேர் தலைமேல் நிற்கும். அந்நாட்களில் காலை எட்டரை மணிக்குப் பின் கமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே நல்லது.

நின்றபடியே எடுத்தல்

மானின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். எழுந்ததும் காற்சட்டையில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மான் படுத்தெழுந்த புல்லில் அது நிச்சயம் இருக்கும்.

கடற்காற்றில் லென்ஸ் மாற்றுதல்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணற்புழுதியும், வடகிழக்கு வாடைக் காலத்தில் உப்பு ஈரமும் உணரிக்குள் புகுந்துவிடும். ஆகவே ஒரே லென்ஸோடு செல்லுங்கள். முன்கண்ணாடியில் படிந்த உப்பைச் சட்டைத் தலைப்பால் துடைத்தால் அதன் பூச்சு கீறும். முதலில் ஊதிப் புழுதியை அகற்றி, பின்னர் லென்ஸ் திரவத்தால் ஈரமாக்கித் துடைக்கவேண்டும். வீட்டில் தோற்பைக்குள் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படரும். சிலிக்கா ஜெல் பொதியிட்ட, காற்றுப் புகாத பெட்டியே பாதுகாப்பு. குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து வருவோர், கமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடவேண்டும். உடனே எடுத்தால் கண்ணாடி முழுவதும் நீர் கோத்துவிடும்.

பிளாஷ்

வேண்டாம்.

தனியே படுத்திருக்கும் குட்டியை நெருங்குதல்

புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும் குட்டி கைவிடப்பட்டதன்று. தாய் அதை அங்கே மறைத்துவிட்டு மேயச் சென்றிருக்கும், பாலூட்டத் திரும்பிவரும். நீங்கள் சுற்றி நிற்கும்வரை அது வராது. நீண்ட முனையில் ஓரிரு படங்கள் எடுத்துவிட்டு அவ்விடத்தை விட்டு விலகுங்கள். குட்டியைத் தூக்கிப் படமெடுக்க முனைவோரைக் கண்டால் தயங்காமல் தடுத்து நிறுத்துங்கள்.

முகாம் பக்கம் லென்ஸைத் திருப்புதல்

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. மான் அந்த வேலியோரம் போய் நின்றால் படத்தை விட்டுவிட்டு, அது இப்பால் வரும்வரை காத்திருங்கள்.